செபத்தில் நான் வாய் திறக்காத ஒரு வரி

2017 நவம்பர் 30 வியாழக்கிழமை, திருத்தூதர் அந்திரேயாவின் திருவிழா. கலிலேயக் கடலில் வலை வீசிக்கொண்டிருந்த சகோதரர் இருவரை இயேசு அழைத்ததையும், அவர்கள் வலைகளை அப்படியே விட்டுவிட்டு அவர் பின்னால் சென்றதையும் கூறும் நற்செய்திப் பகுதிதான் அந்த நாளுக்குரிய வாசகம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், தூத்தூர் பகுதிக் கடற்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கு அந்திரேயா அந்நியர் அல்லர். அவர் எங்கள் தொழிலைச் செய்தவர். அந்தத் திருவிழா நாளில்தான் ஒக்கிப் புயல் எங்கள் கடலைக் கடந்து சென்றது. பத்து நாட்களுக்கு முன் கொச்சித் துறையிலிருந்து ஆழ்கடல் தங்கலுக்குப் போயிருந்த என் தம்பி திரும்பி வரவில்லை. அவனுடைய உடலும் கிடைக்கவில்லை.

எட்டு ஆண்டுகள் ஆகப்போகின்றன என்று சொல்லும் அளவுக்குக் காலம் நகர்ந்துவிட்ட பிறகு இதை எழுதுகிறேன். துன்பத்தின் நடுவிலும் நம்பிக்கையை எப்படிக் காத்துக்கொண்டீர்கள் என்று என்னிடம் சிலர் கேட்டிருக்கிறார்கள். நான் அதைக் காத்தேன் என்று சொல்வது உண்மையாகாது. நெடுநாள் அதை வேறு சிலர்தான் எனக்காகக் காத்து வைத்திருந்தார்கள். அதைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

எங்கள் பகுதி ஆண்கள் சுறாவுக்கும் சூரைக்குமாக வாரக்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். லட்சத்தீவுக்கு அப்பாலும் குஜராத் வரையிலும் போவார்கள். அவ்வளவு தொலைவில் கைப்பேசி எட்டாது. படகில் இருக்கும் வயர்லெஸ் கருவியும் குறிப்பிட்ட தொலைவுக்குள் இருக்கும் படகுகளோடு மட்டுமே பேசும். எச்சரிக்கை வந்தபோது அதைக் கேட்கும் தொலைவில் அவர்கள் இல்லை. கரையிலிருந்த நாங்கள், மின்சாரம் இல்லாத இரவுகளில், முறிந்த தென்னைகளுக்கிடையே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்த வாரத்தின் ஞாயிறு, டிசம்பர் 3, கிறிஸ்து பிறப்புக்காக ஆயத்தம் செய்யும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. கோட்டாற்றில் புனித சவேரியார் திருவிழாவின் நிறைவு நாளும் அதுவே. எங்கள் ஊர் ஆலயத்தில் பெண்களும் முதியவர்களுமே இருந்தோம். முதல் வாசகத்தில் எசாயா, நீர் வானத்தைப் பிளந்து இறங்கி வரமாட்டீரா என்று இறைவனிடம் கேட்கிறார். நற்செய்தியில் இயேசு, விழிப்பாயிருங்கள், வீட்டுத் தலைவர் மாலையில் வருவாரோ, நள்ளிரவில் வருவாரோ, சேவல் கூவும் வேளையில் வருவாரோ, காலையில் வருவாரோ என்று உங்களுக்குத் தெரியாது என்கிறார். நான்கு இரவுகளாகத் தூங்காமல் வீட்டுத் தலைவர்களுக்காகக் காத்திருந்த பெண்கள் நிறைந்த ஆலயத்தில் அந்த வரிகள் வாசிக்கப்பட்டபோது யாரும் அழவில்லை. எல்லாரும் அழுது முடித்திருந்தோம்.

அதன் பிறகு, விண்ணுலகில் இருக்கின்ற எங்கள் தந்தையே என்று எல்லாரும் சேர்ந்து செபிக்கத் தொடங்கியபோது, 'உமது திருவுளம் விண்ணுலகில் நிறைவேறுவது போல மண்ணுலகிலும் நிறைவேறுக' என்ற இடத்தில் என் வாய் மூடிக்கொண்டது. அடுத்த வரியிலிருந்து மீண்டும் சொன்னேன். அந்த ஒரு வரியை மட்டும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தவர்களில் பலர் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்ன சொற்கள்தான் அந்த வரியை எனக்கு முள்ளாக்கின. எல்லாம் கடவுள் சித்தம் என்றார்கள். கடவுளுக்கு அவனை மிகவும் பிடித்துப்போய்விட்டது என்றார்கள். ஒரு செபக்கூட்டத்துக்கு என்னை அழைத்துப் போனவர்கள், உங்கள் குடும்பத்தில் யாருடைய பாவத்துக்குத் தண்டனை என்று ஆராய்ந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் நான்கு வயதுக் குழந்தையோடு உட்கார்ந்திருந்த என் தம்பி மனைவியின் காதில் இது விழுந்துவிடக் கூடாதே என்பதுதான் அன்று என் ஒரே கவலையாக இருந்தது.

இழவு வீட்டுக்குப் போகிற கத்தோலிக்கர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. காரணம் சொல்லாதீர்கள். நம் ஆண்டவரே சொல்லவில்லை. லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில், சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவர் கேட்டு, இல்லை என்று தாமே பதிலும் சொல்கிறார். யோவான் நற்செய்தியில், பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, இவர் செய்த பாவமா, இவருடைய பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோதும் இரண்டையும் மறுத்துவிடுகிறார். அவர் மறுத்த ஒரு விளக்கத்தை அவருடைய பெயராலேயே துயரப்படுபவர்களின் தலையில் சுமத்துவது எவ்வளவு பெரிய கொடுமை என்பதைச் சுமந்தவர்கள் அறிவார்கள். சோறு கொண்டு வாருங்கள். குழந்தையைப் பள்ளிக்கூடம் அழைத்துப் போங்கள். பங்கில் அண்டை வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுவான எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த நான்கு பெண்கள் முறை வைத்து 40 நாட்கள் எங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் கடவுளைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நான் பிடித்துக்கொண்டு நின்ற முதல் கயிறு அவர்கள்தான்.

சந்தேகம் வேகமாக வந்துவிடவில்லை. 2018 சனவரி 27, ஒரு சனிக்கிழமைத் திருப்பலியில், இயேசு புயலை அடக்கும் பகுதி வாசிக்கப்பட்டது. அவர் படகின் பின்பகுதியில் தலையணை வைத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார்; சீடர்கள் அவரை எழுப்பி, போதகரே, சாகப்போகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்கிறார்கள்; அவர் எழுந்து காற்றைக் கடிந்துகொள்கிறார்; பெரும் அமைதி உண்டாகிறது. நான் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டேன். அவர்களுக்கு ஓய்ந்த காற்று என் தம்பிக்கு ஏன் ஓயவில்லை? அவன் படகிலும் குருசடிப் படம் இருந்தது. கடலில் இறங்கும் முன் சிலுவை அடையாளம் போடாமல் அவன் ஒருநாளும் இறங்கியதில்லை. கேட்பார் யாருமில்லையோ என்ற எண்ணம் அன்றுதான் முதன்முறையாக எனக்குள் முழு வாக்கியமாக உருவானது. அது எனக்கு அச்சமாக இருந்தது என்பதைவிட அவமானமாக இருந்தது என்பதே சரி. நான் மறைக்கல்வி ஆசிரியை. ஞாயிறுதோறும் குழந்தைகளுக்கு இதே புயல் கதையைப் படம் வரைந்து சொல்லிக்கொடுத்தவள்.

எங்கள் பகுதியில் பங்குத்தந்தையை அச்சன் என்று அழைப்போம். பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருளடையாளத்தில் அச்சனிடம், எனக்கு நம்பிக்கை போய்விட்டது, இது பாவம் என்றேன். அவர் உடனே மன்னிப்பு மன்றாட்டுக்குப் போகவில்லை. நம்ப வேண்டாம் என்று நீ முடிவு செய்தாயா, நம்ப முடியவில்லையே என்று தவிக்கிறாயா என்று கேட்டார். தவிக்கிறேன் என்றேன். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2088-ஆம் பத்தியைப் படித்துப் பார், மக்களே என்றார்; எங்கள் பக்கத்தில் பிள்ளையை அன்போடு அப்படித்தான் அழைப்போம். வேண்டுமென்றே உண்மையை ஏற்க மறுக்கும் சந்தேகத்தையும், மறைபொருளின் இருட்டில் தானாக எழும் தயக்கத்தையும் அது வேறு வேறாகப் பிரித்துக் காட்டுகிறது. வீட்டுக்கு வந்து படித்தபோது, யாரோ என் நிலையை முன்பே அறிந்து எழுதி வைத்தது போலிருந்தது. அதே நூலின் 309-ஆம் பத்தி, தீமை ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு அவசரப் பதில் எதுவும் போதாது என்று ஒப்புக்கொள்கிறது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாரிடமும் இருந்த அவசரப் பதில் திருச்சபையிடம் இல்லை என்பது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று சொல்லி விளக்க முடியவில்லை.

அச்சன் இன்னொன்றும் சொன்னார். சவேரியாரின் ஆன்ம வழிகாட்டியான புனித இஞ்ஞாசியார் தம்முடைய ஆன்மீகப் பயிற்சிகள் என்ற நூலில் ஒரு விதி வைத்திருக்கிறார்: உள்ளம் வறண்டு இருண்டு கிடக்கும் காலத்தில், அதற்கு முன் தெளிவோடு எடுத்த முடிவு எதையும் மாற்றாதே என்பது அது. நீ இப்போது எதையும் முடிவு செய்ய வேண்டாம், ஞாயிறு திருப்பலிக்கு மட்டும் வா, செபிக்க வேண்டாம், உட்கார்ந்திரு என்றார். நான் அப்படியே செய்தேன். வெறும் உடம்பாகப் போய் உட்கார்ந்தேன். திருப்பலியில் சமாதானம் அறிவிக்கும் முன் குருவானவர், எங்கள் பாவங்களைப் பாராமல் உம் திருச்சபையின் நம்பிக்கையைக் கண்ணோக்கியருளும் என்று வேண்டுவார். சிறு வயது முதல் கேட்ட அந்தச் செபம் என்னுடைய நம்பிக்கையைப் பார்க்கும்படி கேட்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். முன் வரிசையில் முழங்காலிட்டிருந்த என் அம்மாவின் நம்பிக்கை, அடுப்பைப் பார்த்துக்கொண்ட அந்த நான்கு பெண்களின் நம்பிக்கை, 1544-ஆம் ஆண்டின் இறுதியில் சவேரியார் இந்தக் கடற்கரையில் ஊர் ஊராக நடந்து, ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்குக் கொடுத்தபோது அவர் முன் நின்ற எங்கள் முன்னோர்களின் நம்பிக்கை, எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தன. என்னிடம் இல்லாதபோதும் அது இருந்தது. கத்தோலிக்கச் சபையில் நான் நிலைத்திருப்பதற்குக் காரணம் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். தனியாக ஓர் ஆள் தன் நெஞ்சின் பலத்தால் மட்டும் நம்ப வேண்டும் என்றிருந்தால், நான் அந்த ஆண்டே முடிந்துபோயிருப்பேன்.

இதற்கிடையில் ஓர் உண்மையையும் மறைக்காமல் எழுத வேண்டும். மாதக்கணக்கில் எனக்குத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பள்ளியில் கரும்பலகை முன் நின்று என்ன எழுத வந்தேன் என்று மறந்து நின்றேன். இதையும் நம்பிக்கைக் குறைவு என்றே நினைத்திருந்தேன். உடன் பணிபுரிந்த ஆசிரியை ஒருவர்தான் கையைப் பிடித்து மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். ஏழு மாதங்கள் மாத்திரை சாப்பிட்டேன். தூக்கம் திரும்பிய பிறகு பார்த்தால், கடவுள் இல்லை என்று நான் நினைத்திருந்ததில் பாதிக்கு மேல் களைத்த உடம்பின் குரலாக இருந்தது. மீதி இருந்தது உண்மையான கேள்வி. அதற்கு மாத்திரை இல்லை, இருக்கவும் வேண்டாம். இரண்டையும் பிரித்தறியாமல், மருத்துவம் தேவைப்படும் ஒருவரிடம் இன்னும் அதிகமாகச் செபம் செய் என்று சொல்லாதீர்கள். மருத்துவரிடம் போவது செபத்தைக் கைவிடுவதாகாது.

அந்த உண்மையான கேள்வியை என்ன செய்வது? எனக்குத் திருப்பாடல்கள் உதவின. நம் செப நூல்களில் புகழ்ச்சியே நிறைந்திருப்பதால், விவிலியத்தில் எவ்வளவு முறையீடு இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 13-ஆம் திருப்பாடல், ஆண்டவரே எவ்வளவு காலம் என்னை மறந்திருப்பீர் என்று தொடங்குகிறது. 88-ஆம் திருப்பாடல் அதைவிடக் கடுமையானது. மற்ற முறையீட்டுப் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் ஏதேனும் ஒரு நம்பிக்கைக் கீற்றோடு முடியும். இது இருளிலேயே முடிந்துவிடுகிறது. உம் அலைகள் அனைத்தும் என்னை வருத்துகின்றன என்று கடலைச் சொல்லியே கடவுளைக் குற்றம் சாட்டுகிறது. திருச்சபை அதை ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவு செபத்திலும் வைத்திருக்கிறது. நான் வெள்ளி இரவுகளில் அதை மட்டும் படித்தேன், உரக்க. அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கும். கடவுள்மேல் கோபமாக இருப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்லக்கூடியது இதுதான்: அந்தக் கோபத்தை அவருடைய முதுகுக்குப் பின்னால் சொல்லாமல் அவரிடமே சொல்லுங்கள். இயேசுவே சிலுவையில் 22-ஆம் திருப்பாடலின் முதல் வரியைக் கத்தினார். ஏன் கைவிட்டீர் என்ற கேள்வியைக் கடவுளின் மகனே கேட்டிருக்கும்போது, அதே கேள்வியைக் கேட்கும் நாம் சபைக்கு வெளியே நிற்பவர்கள் ஆகமாட்டோம்.

படகில் சீடர்கள் கேட்டதும் அதுதான் என்று பின்னர் எனக்குப் புரிந்தது. உமக்குக் கவலையில்லையா என்ற குற்றச்சாட்டை நற்செய்தியாளர் மறைக்கவில்லை. ஆலயத்தில் எல்லாரும் எழுந்து நிற்க அது வாசிக்கப்படுகிறது. நான் எழுந்து ஓடிய அந்தச் சனிக்கிழமை, என் கேள்விதான் உள்ளே வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டுச் சுவரில் குழந்தை இயேசுவின் தெரேசா படம் ரோசாப்பூக்களோடு தொங்குகிறது. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பூக்கள்தான். 1896 உயிர்ப்புப் பெருவிழாக் காலம் தொடங்கி, காசநோயால் 24 வயதில் 1897 செப்டம்பர் 30 அன்று இறக்கும்வரை, விண்ணகம் என்று ஒன்று உண்டா என்ற இருளில் அவர் கிடந்தார் என்பதையும், நம்பிக்கை இல்லாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பதாகத் தம்மைப் பற்றி எழுதினார் என்பதையும் இந்தத் துயரத்துக்குப் பிறகுதான் படித்து அறிந்தேன். அன்னை தெரேசாவும் பல பத்தாண்டுகள் அப்படியே இருந்தார் என்பதை அவருடைய கடிதங்கள் காட்டுகின்றன. திருச்சபை அவருக்கு 2016-இல் புனிதர் பட்டம் அளித்தது. சந்தேகத்தைப் புனிதத்துக்குத் தடையாகத் திருச்சபை எண்ணியிருந்தால் இந்த இருவரும் பீடத்தில் ஏறியிருக்க முடியாது. இனி மறைக்கல்வி வகுப்பில் பூக்களோடு அந்த இருளையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்து, அப்படியே செய்து வருகிறேன்.

அம்மாவின் போராட்டம் வேறு விதமானது. அவருக்குக் கடவுள்மேல் சந்தேகம் இல்லை. தம்பி இறந்துவிட்டான் என்பதில்தான் சந்தேகம். நினைவுத் திருப்பலிக்குச் சம்மதிக்கவில்லை. இறந்தவனுக்கான செபத்தைச் சொன்னால் அவனைத் தானே கொன்றதாக ஆகும் என்றார். இராச் சோறு ஒரு தட்டில் மூடி வைக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. உடல் இல்லாத சாவில் இதுதான் மிகக் கொடிய பகுதி. அவன் உயிரோடு வர வேண்டும் என்று வேண்டுவதா, ஆன்மா இளைப்பாற வேண்டும் என்று வேண்டுவதா என்று தெரியாமல் குடும்பமே ஊமையாகிவிட்டிருந்தது. அச்சன் ஒரு மாலை வந்து அம்மாவின் அருகே தரையில் உட்கார்ந்து, அவன் எங்கே இருக்கிறான் என்பது கடவுளுக்குத் தெரியும் அம்மா, நீங்கள் அவன் பெயரை மட்டும் சொல்லுங்கள், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார் என்றார். அன்றிலிருந்து செபமாலை முடிவில் பெயரை மட்டும் சொல்கிறோம். உயிரோடிருப்போருக்கும் இறந்தோருக்கும் இடையில் திருச்சபை சுவர் எழுப்பவில்லை. புனிதர்களின் சமூக உறவு என்று நம்பிக்கை அறிக்கையில் சொல்வது இதைத்தான் என்று அந்த ஒற்றைப் பெயரைச் சொல்லும்போது உணர்ந்தேன். என் தம்பிக்கு நான் இன்னும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வேறு எங்கு போனாலும் எனக்கு இது கிடைத்திருக்காது.

2019 நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, எல்லாரும் கல்லறைகளில் பூ வைத்து மெழுகுதிரி ஏற்றப் போனபோது, கல்லறை இல்லாத நாங்கள் சில குடும்பங்கள் கடற்கரை மணலைக் குவித்து அதில் திரிகளை நட்டோம். காற்றுக்கு அணைந்துகொண்டே இருந்தன. மீண்டும் மீண்டும் ஏற்றினோம். அன்று அம்மா தாமாகவே அச்சனிடம் நினைவுத் திருப்பலிக்கு நாள் கேட்டார்.

திருவுளம் என்ற வரிக்கு வருகிறேன். புயலுக்கு அடுத்த வாரம், டிசம்பர் 7 அன்று, காணாமற்போனவர்களைத் தேடக் கோரி எங்கள் மக்கள் ஆயிரக்கணக்கில் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தார்கள். பங்குகளில் வீடு வீடாகப் போய்ப் பெயர்ப்பட்டியல் தயாரித்தார்கள். எங்கள் ஆண்களே சொந்தப் படகுகளில் தேடிப் போனார்கள். அப்போது எனக்குத் தோன்றாதது பின்னர் தோன்றியது. நடந்ததெல்லாம் கடவுளின் விருப்பம் என்றால், இந்த மக்கள் செய்தது கடவுளுக்கு எதிரான கலகம் ஆகிவிடும். ஆனால் செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டே அவர்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்டவர் கற்றுக்கொடுத்த வரியைக் கூர்ந்து பார்த்தால், திருவுளம் விண்ணுலகில் நிறைவேறுகிறது, மண்ணுலகிலும் நிறைவேறுக என்று வேண்டுகிறோம். ஏற்கெனவே நிறைவேறிக்கொண்டிருக்கும் ஒன்றை நிறைவேறுக என்று யாரும் கேட்பதில்லை. நடந்தவற்றையெல்லாம் தலைகுனிந்து ஏற்றுக்கொள்ளும் வரி என்று நான் நினைத்திருந்த அது, இந்த மண்ணில் நடப்பது பலவும் தந்தையின் விருப்பப்படி இல்லை, அது மாற வேண்டும் என்ற முறையீடாகவே எனக்குக் கேட்கத் தொடங்கியது. தீமையைக் கடவுள் அனுமதிக்கிறார் என்று திருச்சபை கற்பிக்கிறது. ஏன் என்பது எனக்கு இன்றும் தெரியாது. அனுமதிப்பதும் விரும்புவதும் ஒன்றல்ல என்ற அந்தச் சிறு இடைவெளியில்தான் நான் கால் ஊன்றி நிற்கிறேன்.

புரிந்துகொண்ட பிறகும் வாய் வரவில்லை. 2019 கிறிஸ்துமசுக்கு முன் தம்பி மகனுக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தது. செபம் சொல்லிக்கொடுக்க வேண்டிய பொறுப்பு என்னிடம் வந்தது. திண்ணையில் உட்காரவைத்து வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தேன். உமது ஆட்சி வருக என்று சொன்னான். அடுத்து என்ன என்று என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தான். அந்த வரியைச் சொல்லித்தர அங்கே என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. மெதுவாகச் சொன்னேன். அவன் திருப்பிச் சொல்லாமல் கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அத்தை, மண்ணுலகம்னா கடலும் சேர்த்தா?" என்று கேட்டான்.

கடலும் சேர்த்துத்தான் என்றேன். அதன் பிறகு அவன் அந்த வரியை முழுதாகச் சொன்னான். நானும் அவனோடு சேர்ந்து சொன்னேன்.